பட்டம் ஒருவருக்கு, உழைப்பு ஒரு வீட்டுக்கு

(எமது சங்க உறுப்பினர் குடும்பம் ஒன்றின் மருமகள் கலாநிதிப் பட்டம் பெற்றதையொட்டி, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அக்குடும்பத்தினர் நடத்திய ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம். குடும்பத்தாரின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.)



நேற்றிரவு ஹற்றனில் பஸ் ஏறி, கண்டி, தம்புள்ளை, வவுனியா, ஆனையிறவு கடந்து விடியற்காலையில் இங்கே வந்து இறங்கினோம். சங்கத்து ஆட்கள் இவ்வளவு தூரம் பயணம் போனால் வழக்கமாக ஒரு வழக்கு இருக்கும், அல்லது ஒரு வேலைநீக்கம் இருக்கும். இந்த முறை கையில் கோவை இல்லை. ஒரு வீட்டுச் சந்தோஷத்தில் கலந்துகொள்ள வந்திருக்கிறோம்.

எமது இளைஞர் அணியில் வேலை செய்த தோழர் ஒருவரின் மனைவி கலாநிதிப் பட்டம் பெற்றிருக்கிறார். லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளை. தாயார் கொழுந்து பறித்தவர், தகப்பனார் கவ்வாத்து வெட்டியவர். உயர்தரத்தில் விரும்பிய பாடத்தைச் சொல்லிக் கொடுக்க அவர் படித்த பாடசாலையில் ஆசிரியர் இல்லை. இருந்த பாடத்தைப் படித்துத்தான் யாழ்ப்பாணம் வந்தார். பட்டம் முடிந்தது, கல்யாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான பெண்களின் படிப்பு இந்த இடத்தில் முடிந்துவிடும். இந்தப் பிள்ளையின் படிப்பு முடியவில்லை. அது ஏன் முடியவில்லை என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஒரு வேலை நடந்தால் அதை யார் செய்தார் என்று எண்ணிப் பார்ப்பதுதான் சங்கத்தின் வேலை. பட்டமளிப்பு மேடையில் ஒருவருடைய பெயரைத்தான் வாசிப்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை பேரின் நாட்பேர் இருக்கிறது என்று நாங்கள் எண்ணிப் பார்த்தோம்.

மாமியாருக்கு முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த கை. ஓய்வு பெற்றதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, குளிர்ப் பிரதேசத்திலிருந்து இந்த வெயிலுக்கு வந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டார். ஊழியர் சேமலாப நிதியில் கிடைத்த பணத்தில் ஒரு பங்கு, மருமகளின் கணினிக்குப் போயிருக்கிறது. கணவர் பகலில் கடையில் வேலை செய்துவிட்டு, இரவில் சமையலையும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் பார்த்தார். பட்டமளிப்பு அழைப்பிதழ் இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது. இரண்டையும் அம்மாமார் இருவருக்கும் கொடுத்துவிட்டு, அவர் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே நின்றார். அந்த இரண்டு அம்மாமாரும் வாழ்நாளில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான்.

இதைக் கேட்டதும், 'நல்ல மாப்பிள்ளை, நல்ல மாமியார், அந்தப் பிள்ளை கொடுத்து வைத்தவள்' என்று சொல்லத் தோன்றும். அதைத்தான் நாங்கள் மாற்ற வேண்டும் தோழர்களே. கொடுத்து வைத்தவளுக்கு மட்டும்தான் படிப்பு என்றால், கொடுத்து வைக்காத மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இந்தத் தெருக்களில் நடந்த ஒரு கதை

திருநெல்வேலியில் நின்று பேசும்போது ஒருவரை நினைக்காமல் பேச முடியாது. வைத்திய கலாநிதி ராஜனி திராணகம. இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கு அவரைத் தெரியும். மலையகத்திலிருந்து வந்திருக்கும் எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறோம்.

ராஜனி 1954 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தார். அந்த வீட்டில் நான்கும் பெண்பிள்ளைகள். சுண்டுக்குளி மகளிர் கல்லூரியில் படித்து, 1973 இல் கொழும்பில் மருத்துவம் படிக்கப் போனார். அங்கே தயாபால திராணகமவைச் சந்தித்தார். தயாபால சிங்களக் கிராமப்புறத்திலிருந்து களனிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து அரசியலில் ஈடுபட்டவர். ஒருவர் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், மற்றவர் தெற்கின் கிராமம். இருவரும் 1977 இல் கல்யாணம் செய்தார்கள். அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் எங்கள் லயங்களில் என்ன நடந்தது என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டங்களை விட்டு எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடந்து வந்த காலம் அது. அந்த வருடத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு சிங்கள ஆணும் ஒரு வீட்டைத் தொடங்கினார்கள்.

இன்னொரு விடயம் எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாண வைத்தியசாலையில் பயிற்சியை முடித்ததும், 1979 இல் ராஜனி டாக்டராக வேலைக்குப் போனது ஹல்துமுல்லைக்கு. ஹப்புத்தளைக்குக் கீழே, சுற்றிலும் தேயிலை மலைகள் இருக்கிற அதே ஹல்துமுல்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மண்சரிவில் மீரியபெத்த லயங்கள் புதைந்ததே, அந்த மீரியபெத்தயும் ஹல்துமுல்லைப் பிரதேசம்தான். பெரிய நகரத்து வைத்தியசாலை ஒன்றில் கதிரை தேடாமல், அந்த மலையோரத்து ஊரில் அவர் வேலை செய்தார். அப்போது மூத்த மகள் கைக்குழந்தை.

1980 இல் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு உடற்கூற்றியல் விரிவுரையாளராக வந்தார். அந்தப் பீடம் தொடங்கி அப்போது இரண்டு வருடம்தான். அந்த வருடம் இரண்டாவது மகளும் பிறந்தார். மூன்று வருடம் கழித்து, பொதுநலவாயப் புலமைப்பரிசில் கிடைத்து இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு மேற்படிப்புக்குப் போனார். 1983 இல் நாடு எரிந்துகொண்டிருந்தது. போனவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்ட காலம். ராஜனி படிப்போடு 1986 இல் யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்த ஒரு பீடத்தில் உடற்கூற்றியல் துறையின் தலைவராகப் பொறுப்பெடுத்தார்.

இங்கே சற்று நின்று யோசிப்போம். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், அரசியல், யுத்தம், வெளிநாட்டுப் படிப்பு. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், 'புள்ளகுட்டிக்காரிக்கு எதுக்கு இதெல்லாம்' என்று நிறுத்தியிருப்பார்கள். அவரை அந்த வீடு நிறுத்தவில்லை. இருவருக்கும் கருத்து வேறுபாடுகள் இருந்தன, பிரிந்து இருக்க வேண்டிய காலங்களும் வந்தன. ஆனால் ஒருவருடைய வேலைக்காக மற்றவருடைய வேலை சுருங்க வேண்டும் என்ற கணக்கு அங்கே இருக்கவில்லை.

படித்த படிப்பை அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1987 ஒக்டோபரில் இந்தியப் படையின் நடவடிக்கையால் யாழ்ப்பாணம் சிதைந்தபோது, பல்கலைக்கழகத்தைத் திரும்பத் திறக்க வைக்கப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 'பூரணி' என்ற இல்லத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். வீடு வீடாகப் போய்ப் பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டு எழுதினார். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. சிறிதரன் ஆகிய சக ஆசிரியர்களோடு சேர்ந்து 'முறிந்த பனை' என்ற நூலை எழுதினார். அரசாங்கப் படை, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் என்று எந்தத் தரப்பு செய்த அநியாயத்தையும் அதில் அவர்கள் மறைக்கவில்லை.

1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், இந்தத் திருநெல்வேலியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே அதற்குப் பொறுப்பு என்று அவருடைய குடும்பத்தாரும் சக ஆசிரியர்களும் சொன்னார்கள். அவருக்கு வயது 35. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. 

சந்தோஷ வீட்டில் இழவுக் கதை எதற்கு என்று அம்மாமார் சிலர் நினைக்கலாம். இந்தக் கதை அந்த மரணத்தோடு முடியவில்லை, அதனால்தான் சொல்கிறோம். பிள்ளைகள் பிரித்தானியாவில் வளர்ந்தார்கள். இளைய மகள் ஷாரிகா மானிடவியல் படித்து, இலங்கை யுத்தம் பற்றி ஆய்வு செய்து, 2011 இல் ஒரு நூல் எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'என் தாயின் வீட்டில்'. இன்று அவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். தாயைப் பற்றிக் கனடாவில் 2005 இல் எடுத்த ஆவணப்படத்தில் தாயாக நடித்தவரும் அவர்தான். தயாபால தன் மனைவியைப் பற்றியும் அவருடைய அரசியலைப் பற்றியும் வருடக் கணக்காக எழுதினார், பேசினார். மனைவியின் வேலையைத் தன் பெருமையாகச் சுமந்த கணவர்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள் என்று எங்கள் ஆண் தோழர்களுக்குச் சொல்லத்தான் இதைச் சொன்னோம்.

பேரப்பிள்ளையைப் பார்த்த தாத்தா

தூரத்து உதாரணம் ஒன்றும் இருக்கிறது. மேரி கியூரி என்ற பெயரைப் பாடசாலைப் பிள்ளைகள் படித்திருப்பீர்கள். அவர் 1903 ஜூன் மாதம் பாரிஸில் கலாநிதிப் பட்டம் பெற்றபோது வீட்டில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை இருந்தது. அந்தப் பிள்ளையை யார் பார்த்தார்? கணவர் பியரின் தகப்பனார், ஓய்வுபெற்ற டாக்டர் யூஜின் கியூரி. மனைவி இறந்த பிறகு மகன் வீட்டோடு வந்து தங்கி, பேத்தியை வளர்த்தவர் அவர். அதே வருடம் நோபல் பரிசுக்கு முதலில் பியரின் பெயரைத்தான் மற்ற ஆண் விஞ்ஞானி ஒருவரோடு சேர்த்துப் பரிந்துரைத்திருந்தார்கள். மேரியின் பெயர் இல்லை. செய்தி தெரிந்ததும் பியர் கடிதம் எழுதினார், அந்த ஆராய்ச்சி தங்கள் இருவருடையது என்று. பிறகுதான் மேரியின் பெயரும் சேர்ந்தது.

பாரிஸில் ஒரு தாத்தா செய்த வேலையைத்தான் திருநெல்வேலியில் எங்கள் கொழுந்துக்கார அம்மா செய்திருக்கிறார். அவர் பெயரில் பட்டம் இல்லை. அதனால்தான் இன்று மாலை போடும்போது முதல் மாலை அவருக்குப் போக வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டது. பட்டம் பெற்ற மருமகளே அந்த மாலையைப் போட்டதைப் பார்த்தீர்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த வழி

இந்த ஊரில் நின்று இன்னொரு உண்மையையும் பேச வேண்டும். மனதில் வஞ்சம் இல்லாமல் பேசுகிறோம். ஒரு காலத்தில் மலையகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வந்த பிள்ளைகளில் பலர் வீட்டு வேலைக்கு வந்தவர்கள். பத்து வயது, பன்னிரண்டு வயது. சொந்தக்காரர் யாரோ கூட்டி வந்து விட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரரின் பிள்ளை பாடசாலைக்குப் போகும்போது இந்தப் பிள்ளை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போகும். எங்கள் லயங்களில் அப்படிப் போய்த் திரும்பிய அக்காமார் இன்றும் இருக்கிறார்கள்.

இன்று அதே வழியில் எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். 1974 இல் பேராசிரியர் கைலாசபதியை முதல் தலைவராகக் கொண்டு வளாகமாகத் தொடங்கி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது இது. இந்தப் பல்கலைக்கழகத்துக்கே ஒரு பெண் துணைவேந்தராக வருவதற்கு 2011 வரை ஆனது. பேராசிரியர் வசந்தி அரசரட்ணம்தான் அந்த முதல் பெண். படித்தவர்கள் நிறைந்த யாழ்ப்பாணத்திலேயே முப்பத்தேழு வருடம் எடுத்தது என்றால், லயத்திலிருந்து வரும் பெண்ணுக்கு வழி எவ்வளவு செங்குத்து என்று பாருங்கள்.

அந்தச் செங்குத்து வழியில் பாதிப் பாறை எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. இதை எங்கள் ஆண்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1984 வரைக்கும் தோட்டத்தில் ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அந்த வருட வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சம்பளம் சமமானது. அதற்காக எல்லோரும் சேர்ந்து நின்றோம். ஆனால் பெரட்டுக்களத்தில் வென்ற சமத்துவம் அடுப்படிக்குள் இன்னும் வரவில்லை. காலையில் நாலரை மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்து, தண்ணீர் எடுத்து, இரவு சமைத்து முடிக்கும் பெண் எந்த நேரம் புத்தகத்தைத் திறப்பாள்? அவளுடைய மகளும் பெரியபிள்ளை ஆனதும் அந்த வேலையில் பாதியைத் தலையில் ஏற்றிக்கொள்கிறாள். பரீட்சையில் சித்தி அடையாவிட்டால், படிப்பு ஏறவில்லை என்று சொல்கிறோம். படிக்க நேரம் கொடுத்தோமா என்று கேட்டுப் பார்ப்பதில்லை.

எங்கள் தொழிற்சங்க வரலாற்றில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மலையகத்தில் முதல் தொழிற்சங்கத்தைக் கட்டிய கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியும் பேசியும் தொழிலாளரைத் திரட்டியவர் அவருடைய மனைவி மீனாட்சியம்மாள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தோள் கொடுத்த வேலையிலிருந்துதான் எங்கள் சங்க மரபே தொடங்குகிறது. அந்த மரபுக்கு உரியவர்கள் வீட்டில் மட்டும் வேறு விதமாக நடக்க முடியாது.

இனி நாங்கள் செய்ய வேண்டியவை

வாழ்த்துச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போவது சங்கத்துக்கு அழகில்லை. எங்கள் தோட்டத் தலைவர்களிடமும் மாதர் சங்கத் தலைவிகளிடமும் நான்கு காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, கல்யாணப் பேச்சு. படிக்கிற பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும்போது நகை, சீர் எல்லாம் பேசுகிறோம். படிப்பு தொடருமா, பிள்ளை பிறந்தால் யார் பார்ப்பது என்றும் பெரியவர்கள் முன்னால் பேசி முடிக்க வேண்டும். கல்யாணப் பேச்சில் தலைவர்மார் எப்படியும் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

இரண்டாவது, பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கும் நேரத்துக்கு மட்டும் திறந்திருந்தால் வகுப்புக்குப் போகும் தாய்க்கு அது உதவாது. சனி, ஞாயிறு வகுப்புக்கும் பரீட்சை நாட்களுக்கும் திறந்து வைக்கும்படி நிர்வாகத்திடம் கேட்போம். தராவிட்டால், ஓய்வு பெற்ற அம்மாமாரைக் கொண்டு எங்கள் சங்கக் கட்டடத்திலேயே அந்த வசதியைத் தொடங்குவோம்.

மூன்றாவது, பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்கள் சோர்ந்து போகக் கூடாது. வேலை செய்துகொண்டே படிப்பதற்குத்தான் 1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொடங்கியது. ஹற்றனிலேயே அதற்குக் கற்கை நிலையம் இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பவும், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் எழுத்துப் பிழையைத் திருத்தவும் எமது காரியாலயத்துக்கு வாருங்கள். ஓர் எழுத்து மாறியதால் எங்கள் பிள்ளைகள் எத்தனை வாய்ப்புகளை இழந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நான்காவது, ஆண் தோழர்களுக்கு. மனைவி படித்தால் உங்கள் மரியாதை குறையாது. இந்தத் தோழர் வெளியே பிள்ளையோடு நின்றபோது, தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் 'என்னப்பா, நீ வெளியில நிக்கிறியா?' என்று கேட்டாராம். 'இன்னைக்கு என் டியூட்டி இங்கதான்' என்று இவர் சொன்னாராம். அந்தப் பதில் ஒவ்வொரு லயத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

பட்டம் பெற்ற எங்கள் மகளிடமும் ஒன்று கேட்க உரிமை எடுத்துக்கொள்கிறோம். ராஜனி லிவர்பூலிலிருந்து திரும்பி வந்தார். எங்கள் பிள்ளையும் தான் தெரிந்துகொண்டதை எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். வருடத்தில் ஒரு கிழமை வந்து எங்கள் உயர்தரப் பிள்ளைகளோடு உட்காருங்கள், அம்மா. எந்தப் பாடம் எடுப்பது, விண்ணப்பம் எப்படி எழுதுவது, விடுதியில் முதல் மாதம் வரும் அழுகையை எப்படித் தாங்குவது என்று நீங்கள் சொன்னால் அவர்கள் நம்புவார்கள். போக்குவரத்துச் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். பேத்தியையும் கூட்டி வாருங்கள், பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறோம்.

 இனிச் சாப்பாட்டுப் பந்தி. ஆண் தோழர்கள் எழும்பிப் பரிமாறுங்கள். அம்மாமார் முதலில் உட்காரட்டும்.